இதை யாரு எழுதினது தம்பி?

போன தை மாசம் ஊர்ல பெரியப்பா பொண்ணு கல்யாணம். எனக்கு இங்கே மியூனிக்ல பரீட்சை நேரம், போக முடியல. "வரத்தான் முடியல, ஒரு வாழ்த்துமடலாவது எழுதி அனுப்பு. நீதான் தமிழ் தமிழ்னு குதிப்பியே" என்று அண்ணன் போன் போட்டான். சரின்னுட்டேன்.

வாழ்த்துமடல் எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம்தான். வழவழ தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மண்டபத்தில் மைக் பிடித்து ஒருத்தர் வாசிப்பார். பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் ஒரு பயலும் கேட்க மாட்டான். ஆனா அந்தச் சட்டம் மட்டும் அந்த வீட்டுச் சுவத்துல இருபது வருஷம் தொங்கும்.

நாள் தள்ளித் தள்ளி, கடைசியில் பரீட்சைக்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்குத்தான் உட்கார்ந்தேன். வேறென்ன, ஊரே செய்யறதை நானும் செய்தேன். செயற்கை நுண்ணறிவு எந்திரம் ஒண்ணுகிட்ட மாப்பிள்ளை, பொண்ணு பேரைக் கொடுத்து "நாலு வெண்பா போடு" என்றேன். பத்து விநாடி. நிலவு வந்தது, வானம் வந்தது, தென்றல் வந்தது, இரு இதயங்கள் ஒரே பாதையில் நடந்தன. பார்க்க வெண்பா மாதிரியே இருந்தது, கடைசி அடியில் மூணே சீர். நானும் அனுப்பிவிட்டுத் தூங்கிட்டேன்.

வாசித்தது சித்தப்பா. திண்டுக்கல்லில் ஒரு அச்சகத்தில் முப்பது வருஷம் அச்சுக் கோத்தவர். ஈய எழுத்தை ஒவ்வொண்ணா பொறுக்கிக் கோத்தபடியே யாப்பு கத்துக்கிட்ட ஆள். வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வெண்பாவின் ரெண்டாம் அடியில் ஒரு நொடி நின்றார். கண்ணாடியைத் தூக்கிவிட்டார். அப்புறம் தாளைப் பார்க்காமலே ஏதோ சொந்தமா சேர்த்து வாசித்தார். அதில் தாய்மாமன் பேரும் வந்தது. நான் அனுப்பியதில் அது இல்லவே இல்லை.

சாயங்காலம் போன் வந்தது. "இதை யாரு எழுதினது தம்பி?"

"நான்தான் சித்தப்பா."

"ம்... தளை தட்டுது. சரி, நல்லாப் படி."

அவ்வளவுதான். அந்த "ம்" ரெண்டு வாரம் காதிலேயே இருந்தது.

இந்த இடத்தில் எந்திரத்துக்கு வக்காலத்து வாங்கியே ஆகணும். சித்தப்பா மட்டும் என்ன கிழிச்சாராம்? அவர்கிட்ட மொத்தம் மூணோ நாலோ மாதிரிகள்தான் உண்டு. நிலவு அதிலும் வரும். குறுந்தொகை செம்மண்ணும் மழையும் கண்டிப்பா வரும். பதினாறும் பெறுவாங்க. பேரை மட்டும் மாத்திப் போட்டு, தட்டுக்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கிட்டு அனுப்பிடுவார். 'எந்திரம் கலக்கி ஊத்துது, மனுஷன் படைக்கிறான்'னு யாராவது ஆரம்பிச்சா எனக்குச் சித்தப்பா முகம்தான் ஞாபகம் வரும். இங்கே கேன்டீனில் தினமும் இந்தப் பட்டிமன்றம்தான். எந்திரத்துக்குப் படைப்பாற்றல் உண்டா இல்லையா? உருளைக்கிழங்கு ஆறும், தீர்ப்பு வராது.

தீர்ப்பு வேற இடத்துல வந்தது. இதே மியூனிக்கில், மாநில நீதிமன்றத்தில், 2025 நவம்பர் 11 அன்று. வழக்குப் போட்டது கேமா. ஜெர்மனியில் பாட்டெழுதறவங்க, இசையமைக்கிறவங்க சார்பா காசு வசூலிக்கிற சங்கம். கிறிஸ்துமஸ் சந்தையில் பாட்டுப் போட்டாலும் இவங்களுக்குக் கட்டணும். பழைய ஆட்களுக்கு இன்னொண்ணும் ஞாபகம் இருக்கும்: 2009லிருந்து 2016 வரை யூட்யூபோடு இவங்களுக்குச் சண்டை. எந்தப் பாட்டைத் தட்டினாலும் 'இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று சோக முகம் ஒண்ணு வரும். அதனால கேமான்னாலே இங்கே பசங்களுக்குக் கடுப்பு. எனக்கும் அவங்க மேல பாசமெல்லாம் கிடையாது.

இந்தத் தடவை எதிராளி ஓப்பன்ஏஐ. வழக்கில் ஒன்பது ஜெர்மன் பாட்டுகள். ரைன்ஹார்ட் மை 1974ல் எழுதிய மேகங்களுக்கு மேலே பறக்கிற பாட்டு, ஹெர்பர்ட் குரோனமையரின் 'மென்னர்', ஹெலனே ஃபிஷர் பாடி நாடே ஆடிய 'ஆட்டெம்லோஸ்', ரோல்ஃப் ட்சுக்கோவ்ஸ்கி குழந்தைகளுக்காக எழுதிய பிறந்தநாள் பாட்டு இப்படி. அந்தப் பிறந்தநாள் பாட்டு எனக்கே தெரியும். நான் தங்கியிருக்கிற வீட்டுச் சமையலறையில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அதைத்தான் கத்துவாங்க. அதை ஒருத்தர் உட்கார்ந்து எழுதியிருப்பார்னு இந்த வழக்கு வரைக்கும் எனக்குத் தோணினதே இல்லை.

சாட்ஜிபிடியிடம் 'இந்தப் பாட்டோட வரிகள் என்ன'ன்னு சாதாரணமா கேட்டாலே போதும், வரிகள் வந்து விழுந்தன. கம்பெனி தரப்பு வாதம் ரெண்டு. ஒண்ணு, எங்க மாதிரிக்குள்ள பாட்டு எதுவும் சேமிச்சு வைக்கல, படிச்சுக் கத்துக்கிட்டது, அவ்வளவுதான். ரெண்டு, கேட்டது பயனர், அதனால வந்ததுக்குப் பொறுப்பும் அவர்தான்.

ரெண்டாவது வாதத்தைப் படிச்சதும் சிரிப்பு வந்தது. "நான்தான் சித்தப்பா"ன்னு சொன்னேனே, கம்பெனிக்காரங்க கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க :-)

நீதிமன்றம் ரெண்டையும் ஏத்துக்கல. இவ்வளவு நீள வரிகள் தற்செயலா வர வாய்ப்பில்லை, மாதிரியின் எண்களுக்குள் பாட்டு பதிஞ்சு கிடக்கு, அதுவே பிரதி எடுத்ததுதான் என்றது. வெளியே வந்ததுக்கும் நடத்துறவங்கதான் பொறுப்பு, கேட்டவர் இல்லை. வரியை மாத்திச் சொல்லி எழுதினவங்க மானத்தைக் கெடுத்தாங்க என்று கேமா வைத்த இன்னொரு கோரிக்கையை மட்டும் தள்ளிவிட்டது. இது முதல் கட்டத் தீர்ப்பு, மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான், நவம்பர் 4ல், லண்டன் நீதிமன்றம் கெட்டி படங்கள் வழக்கில், படத்தைச் சேமிக்காத மாதிரி பிரதி ஆகாதுன்னு கிட்டத்தட்ட நேரெதிராச் சொல்லியிருந்தது. ஆக, பெட்டிக்குள்ள என்ன இருக்குங்கிறதுல நீதிபதிகளுக்கே ஒத்துமை இல்லை.

பெட்டின்னதும் கெம்பெலன் ஞாபகம் வருது. 1770ல் வியன்னா அரண்மனையில் மரியா தெரசா முன்னாடி சதுரங்கம் ஆடும் எந்திரத்தைக் காட்டினவர். தலைப்பாகை கட்டின துருக்கிப் பொம்மை காய் நகர்த்தும். ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. உள்ளே ஒரு ஆள் குனிஞ்சு உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் தெரிஞ்ச கதை. அதிகம் பேசப்படாத கதை, அதே கெம்பெலன் நிஜமாவே ஒரு பேசும் எந்திரமும் செய்தார் என்பது. நுரையீரலுக்குத் துருத்தி, குரல் நாணுக்கு ஒரு சின்னத் தகடு, வாய்க்கு ஒரு புனல். எப்படிச் செய்தேன்னு 1791ல் புத்தகமே போட்டார். அவருடையதாகக் கருதப்படும் ஒரு பேசும் எந்திரம் இங்கே டாய்ச்சஸ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கு. பெட்டியைத் திறந்து காட்டின எந்திரம் சில வார்த்தைதான் பேசியது. ஆளை ஒளிச்சு வெச்சது உலகப் புகழ். நமக்கு எது பிடிக்கும்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

நம்மூர்லயும் ரெண்டு விதமும் பார்த்தாச்சு. 2024ல் 'லால் சலாம்' படத்தில் ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் எந்திரம் வெச்சு வரவழைச்சார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்தாச்சுன்னு அவரே வெளிப்படையா சொன்னார். எனக்கு அந்தப் பாட்டைக் கேட்கறப்ப இப்பவும் ஒரு மாதிரிதான் இருக்கு, ஆனா திருட்டுன்னு சொல்ல மாட்டேன். 2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி' திரும்ப வந்தபோது கதை வேற. 2013 படத்தில் செத்த நாயகனை எந்திரம் பிழைக்க வெச்சிருச்சு. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்த்தாங்க. படம் வெளியானது. சந்தோஷ முடிவுதானே, என்ன கெட்டுப்போச்சுன்னு கேட்டவங்களும் உண்டு. யாரைக் கேட்டு மாத்தினேங்கிறதுதான் என் கேள்வி.

சித்தப்பாகிட்ட போன மாசம் உண்மையைச் சொல்லிட்டேன். திட்டுவார்னு நினைச்சேன்.

"தெரியும்டா. தட்டின தளை கூட உன்னோடது இல்ல. நீ தப்பு பண்ணா வேற மாதிரி பண்ணுவே" என்றார். அப்புறம் சொன்னது: "தாய்மாமன் பேரை விட்டிருந்துச்சு பாத்தியா, அவரு யாரு சட்டையைப் பிடிச்சிருப்பாரு? பெட்டியைவா? எங்க அச்சகத்துல ஒருதடவை பங்காளி பேரு வரிசை மாறிப்போயி, ராத்திரி பத்து மணிக்கு நாலு பேரு வந்துட்டான். என் காசுல திரும்ப அடிச்சுக் கொடுத்தேன். இருநூறு ரூபாய் கவிதைக்கில்லடா."

ஆவணியில் இன்னொரு கல்யாணம் வருதாம். சித்தப்பா ஒரு தாளைப் படம் பிடிச்சு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கார். அவர் கையெழுத்தில், தலைப்பெழுத்தோடு, முறை வரிசைப்படி இருபத்து மூணு பேர். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வேணுமாம். ராத்திரி பூரா உட்கார்ந்து ரெண்டு அடி தேத்தியிருக்கேன். ரெண்டுலயும் நிலவு வந்திருச்சு.