குழந்தையின் கையில் மரச்செப்பு

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் பனங்காய் வண்டியும் புளியங்கொட்டையும் ஒரு காலத்தில் காசின்றிக் கிடைத்த விளையாட்டுப் பொருள்களாயிருக்க, இன்று விலைகொடுத்து மரப்பொம்மை வாங்கும் பெற்றோரை நான் ஆடம்பரப் பிரியர்கள் என்று எண்ணுவதில்லை. எதையும் வாயில் வைத்துப் பார்ப்பது சிசுவின் சுபாவமாதலால், மலிவான வர்ணங்களில் கலந்திருக்கக்கூடிய ஈயமும், பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட் இரசாயனங்களும் அதன் தேகத்தில் சேருமோ என்ற அச்சம் நியாயமானதே. அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளுக்கோ, மரம் கடைசலில் சுழலும்போதே அரக்கை அழுத்தி, உராய்வின் உஷ்ணத்தால் உருக்கி நிறமேற்றுவது மரபு. அரக்கு, ஒரு பூச்சி சுரக்கும் பிசின். உடைந்தாலும் மரம் மண்ணோடு மண்ணாகும். நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அச்சிற்பிகளிடம் உங்கள் குழந்தைக்கு ஒரு சிறுதேர் செய்து தரக் கேளுங்கள்.