33 ஆயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர்... போதுமா?

தெருவிளக்கு எரியவில்லை, மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டது, குப்பை வண்டியைக் காணோம். சென்னையில் யாரிடம் சொல்வீர்கள்? பலருக்கு கவுன்சிலர் பெயரே தெரியாது. குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் யாராவது பார்ப்பார்கள்!

காரணம் இருக்கிறது. 2011-ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்தது. வார்டுகளோ 155-லிருந்து 200 ஆனதோடு சரி. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 67 லட்சம். வார்டுக்கு 33 ஆயிரம் பேருக்கு மேல்!

இணைந்த 42-ல் 25 கிராம ஊராட்சிகள். நேற்றுவரை கிராம சபையில் எழுந்து நின்று தலைவரிடமே கணக்குக் கேட்ட மக்கள், மாநகரவாசிகள் ஆனதும் அந்த உரிமையை இழந்தார்கள். இந்த விநோதத்தைப் பற்றி அதிகம் பேர் பேசவே இல்லை.

போதாக்குறைக்கு, 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். 2021 நவம்பர் மழையில் நகரம் மிதந்தபோது கவுன்சிலர் என்று ஒருவரே கிடையாது. பல இடங்களில் நலச் சங்கத்தினர்தான் அதிகாரிகளுக்கு போன் மேல் போன் போட்டார்கள்.

ஆனாலும் சங்கம் மாமன்றம் ஆகிவிடாது. பல சங்கங்களில் வீட்டு உரிமையாளருக்குத்தான் மதிப்பு. வாடகைக்கு இருப்பவர், தெருமுனையில் இஸ்திரி போடுபவர், பின்பக்கக் குடிசைவாசிகள் கணக்கிலேயே வருவதில்லை. தள்ளுவண்டிக் கடை வேண்டுமா, வேண்டாமா என்பதில்கூட எல்லோருக்கும் ஒரே கருத்து இருக்காதே!

லாஸ் ஏஞ்சல்ஸ் கதை இன்னும் மோசம். சுமார் 39 லட்சம் பேருக்கு 15 கவுன்சிலர்கள். 1925-ல் வகுத்த எண்ணிக்கை! 1999-ல் புதிய நகரச் சாசனம் அங்கே அக்கம்பக்க கவுன்சில்களைக் கொண்டுவந்தது. அந்தப் பகுதியில் குடியிருப்பவர் மட்டுமல்ல, வேலை பார்ப்பவரும் ஓட்டுப் போடலாம். ஆனால், ஆலோசனைதான் சொல்ல முடியும்.

தமிழ்நாட்டில், வார்டுக்கு ஒரு கமிட்டி, அதன்கீழ் ஏரியா சபைகள் என்ற விதி 2022-ல் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் சபைகள் கூடின. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், வாடகைதாரரும் உறுப்பினர்தான். சிக்கல் வேறு இடத்தில். சபையிலிருந்து வார்டு கமிட்டிக்குப் போகும் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டியவர், கவுன்சிலருக்கு வேண்டியவராகவே இருந்துவிட்டால்?

உங்கள் ஏரியா சபை அடுத்து எப்போது கூடுகிறது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதை வாட்ஸ்அப் குரூப்பிலும் போடலாம்.