பெருமுக்கல் படமும் சாக்பீஸ் கோடும்

அண்ணன் மகளுக்குப் பள்ளியில் ஒரு அசைன்மென்ட். 'நான் எதைச் சேர்ந்தவள்' என்பதுதான் தலைப்பு. அதற்குப் பொருத்தமான ஒரு படத்தை எடுத்து, படம் அதை எப்படிச் சொல்கிறது என்று எழுத வேண்டும். எல்லோரும் குடும்ப போட்டோவைத்தான் எடுப்பார்கள் என்று, பெருமுக்கல் குகையில் உள்ள பாறைக் கீறல்களின் படத்தை நெட்டில் தேடி எடுத்து வைத்திருந்தாள்.

"சித்தப்பா, இது சிந்துவெளி எழுத்துன்னு எழுதிடட்டுமா? நம்ம ஊருக்குப் பெருமைதானே?"

முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதச் சொன்னேன். ஒன்றையொன்று வெட்டும் கோடுகள், கட்டங்கள், எல்லாம் வெள்ளையாக. "அந்த வெள்ளை எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டதும் யோசித்தாள். இவை கீழ்வாலையில் இருப்பதுபோலச் செங்காவி ஓவியங்கள் அல்ல. பாறையில் செதுக்கிய கீறல்கள். அவற்றுக்குத் தனி நிறம் கிடையாது. படத்தில் தெளிவாகத் தெரியட்டும் என்று யாரோ சாக்பீஸால் கோட்டின் மேலேயே கோடு இழுத்திருக்கிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. கோடு எங்கே முடிகிறது, பக்கத்தில் இருப்பது உளிக் கீறலா இயற்கையான வெடிப்பா என்பதையெல்லாம் முடிவு செய்தது சாக்பீஸ் பிடித்தவர். நாம் பார்ப்பது அவருடைய வாசிப்பை. (யாரோ திருத்திய லாக் ஃபைலை வைத்து பிழை தேடுவது போலத்தான்.) சாக்பீஸ் இல்லாமலே எடுக்கலாம்: டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், பள்ளங்களில் நிழல் விழுந்து கோடு தானாகத் தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் அளவும் கிடைக்கும்.

சரி, சிந்துவெளி? அந்த எழுத்தையே இன்னும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி யாரும் படிக்கவில்லை. கட்டமும் குறுக்குக் கோடும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் போடக்கூடியவை. ஒரு குறி ஒத்துப்போனால் போதாது. பல குறிகள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரவேண்டும். வெறும் கீறலில் வண்ணம் இல்லாததால் நேரடியாகக் காலம் கணிப்பதும் கஷ்டம்.

"அப்போ இது நம்மளோடது இல்லையா?" என்றாள். முகம் வாடிவிட்டது.

செதுக்கியவர் யார் என்று தெரியாதுதான். ஆனால் அந்த மலையைத் தன்னுடையது என்று சொன்னவர்கள் நிறைய. உச்சியில் உள்ள சிவன் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1760-ல் எயர் கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இங்கிருந்த கோட்டையைப் பிடித்தார். ஆங்கிலேயர் பதிவுகளில் ஊர் 'பெர்மாகோயில்' ஆகிவிட்டது. ஊர்க்காரர்களுக்கோ அது சீதை குகை. சீதை லவகுசரோடு இருந்த இடம் என்பார்கள்.

"ஆயாவும் அப்படித்தான் சொல்லும்" என்றாள்.

அதை எழுது என்றேன். கீறலை வெட்டியவர் ஒருவர், வெள்ளை பூசியவர் ஒருவர், கதை சொன்னது ஆயா. மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதினாள். சிந்துவெளியை அவளே அடித்துவிட்டாள். ஆயா பத்திதான் நீளமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டார்ச்சும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறோம்.