தமிழ் இணையப் பக்கங்களும் முகவரி அமைப்பும்

அச்சு நூலை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றைத் தருவார். இணையப் பக்கத்தை மேற்கோள் காட்டுவோர் பெரிதும் நம்பியிருப்பது அதன் முகவரியையே ஆகும். அம்முகவரி மாறிவிடின், பக்கம் அழியாதிருந்தும் சான்று அழிந்ததாகிவிடும். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறாதிருக்க வேண்டும் என 1998இல் வலியுறுத்தியதன் காரணமும் இதுவேயாகும். தமிழ்த் தளங்களில் முகவரியை அமைக்கும் முறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

இணைய முகவரி இரு கூறுகளை உடையது. முற்கூறு தளத்தின் பெயர். சாய்கோட்டிற்குப் பின் வருவது பக்கத்தின் பெயர். முற்கூற்றில் தமிழுக்கு இடம் கிடைத்துள்ளது. இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாட்டுப் பெயர்கள் 2010, 2011ஆம் ஆண்டுகளில் தமிழெழுத்தில் இணையத்தின் மூலப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. மலேசியாவின் பெயர் அப்பட்டியலில் சாவி எழுத்தில் உள்ளது; தமிழெழுத்தில் இல்லை. எனினும், பக்கத்தின் பெயரை அமைக்கும் உரிமை தளத்தை நடத்துவோரிடமே உள்ளது. அதனைத் தமிழெழுத்திலோ, உரோமன் எழுத்திலோ, எண்ணாலோ அமைக்கலாம்.

தமிழெழுத்து முகவரி படிப்பவர்க்கு உடனே பொருள் தருவது. தமிழ் விக்கிப்பீடியா இம்முறையையே பின்பற்றுகிறது. ஆயினும், கணினிகளுக்கிடையே செல்லும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகவும், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று வரியுருக்களாகவும் விரியும். பினாங்கின் தைப்பூசத்தால் புகழ்பெற்ற 'தண்ணீர்மலை' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆறெழுத்துள்ள இச்சொல் ஒருங்குறியில் 10 குறியீடுகளால் ஆனது; முகவரியில் 90 வரியுருக்களாக நீளும். இதனை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அச்சிடுவதும், அச்சிட்டதைப் பார்த்துத் தட்டச்சிடுவதும் இயலாதனவாகும்.

இதில் மற்றோர் இடரும் உண்டு. பலரும் பயன்படுத்தும் வேர்டுபிரஸ் மென்பொருள், பக்கப் பெயருக்கு 200 வரியுருக்களையே ஒதுக்குகிறது. 'பினாங்கு இந்தியர் வரலாறும் பண்பாடும்' என்று தலைப்பிட்டால், 'பினாங்கு-இந்தியர்-வரலாறு' என்பதோடு இடம் நிறைந்துவிடும். உம்மையும் இறுதிச் சொல்லும் முகவரியில் இடம்பெறா.

உரோமன் எழுத்து சுருக்கமானது. ஆனால் ஒரே சொல்லுக்குப் பல வடிவங்களைத் தோற்றுவிக்கும். தண்ணீர்மலையின் முதலெழுத்துக்கு 'டி' மட்டும் போதுமா, 'ஹெச்' சேர்க்க வேண்டுமா? ணகரத்திற்கு 'என்' ஒன்றா, இரண்டா? ஈகாரத்திற்கு 'இ' இரண்டா, 'ஐ' ஒன்றா? இம்மூன்று வினாக்களே எட்டு வடிவங்களைத் தருகின்றன. ஆகவே, இம்முறையைத் தேர்ந்தெடுப்போர் எழுத்துப்பெயர்ப்பு விதியொன்றை வகுத்துக்கொண்டு, அதனையே எப்போதும் பின்பற்றுதல் வேண்டும்.

எண் முகவரி பொருள் உணர்த்தாது. ஆனால் நிலைத்து நிற்கும். 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இதற்குத் தக்க சான்றாகும். அங்கு ஒவ்வொரு மின்னூலுக்கும் ஓர் எண் உண்டு. திருக்குறளின் எண் 1. எழுத்துக் குறிமுறை திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோதும் நூல்களின் எண்கள் மாறவில்லை. நூலகத்தில் நூலைத் தேடிக் கண்டடைய உதவும் அழைப்பெண்ணைப் போன்றதே இது.

முகவரியில் ஆண்டையும் மாதத்தையும் சேர்ப்பது இதழ்களுக்குப் பொருந்தும்; அடிக்கடி திருத்தப்பெறும் பாடக்குறிப்புகளுக்குப் பொருந்தாது. பொருட்பிரிவின் பெயரைச் சேர்ப்பதும் தக்கதன்று. 'இலக்கியம்' என்னும் பிரிவிலிருந்து 'வரலாறு' என்னும் பிரிவுக்கு ஒரு கட்டுரையை மாற்றினால் அதன் முகவரியும் மாறிவிடக்கூடும். தவிர்க்கவியலாது மாற்ற நேரிடின், பழைய முகவரியை நாடுவோரைப் புதியதற்கு அனுப்பும் நிலையான வழிமாற்றை அமைத்தல் இன்றியமையாதது.

தமிழை முகவரியில் காண விழைவது இயல்பே. ஆயினும் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் உரிய பக்கங்களுக்கு எண்ணோ, சுருக்கமான உரோமன் பெயரோ ஏற்றது. பக்கத் தலைப்பு, ஆசிரியர் பெயர், குறிச்சொற்கள் ஆகியவற்றை முழுமையாகத் தமிழில் தரலாம். தேடுபொறிகள் அவற்றையும் படிக்கின்றன. இன்று மாணவருக்குக் கொடுக்கும் முகவரி, அம்மாணவர் ஆசிரியராகும் காலத்திலும் அதே பக்கத்தைத் திறக்க வேண்டும். முகவரி அமைப்பைத் தேர்வதற்குரிய அளவுகோல் இதுவே எனலாம்.