கோமுகம் காணாத யாத்திரை

இமயம் என்ற சொல்லை முப்பது ஆண்டுகளாக வகுப்பறைக் கரும்பலகையில் எழுதி வருபவன் யான். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல்லெடுத்த கதையைச் சிலப்பதிகாரம் கற்பிக்குந்தோறும் கூறியுள்ளேன். அப்பரடிகள் கயிலைக்கு நடந்த வரலாற்றைப் பெரியபுராண வகுப்பிலே உருகி உரைத்துள்ளேன். ஆயினும் பனிமலையின் உயரத்தையும் குளிரையும் உரையாசிரியர் வாயிலாகவன்றி வேறு வகையால் அறிந்ததில்லை. அதனை ஒரு குறையாக யான் எண்ணியதுமில்லை. திருக்கேதாரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே பாடினர் என்று சேக்கிழார் கூறுகிறார். காணாது பாடியவர்க்கே குறையில்லையெனின், காணாது கற்பிப்பவனுக்கு என்ன குறை என்பது என் வாதம்.

இவ்வாதத்தை முறித்தவர் என் பழைய மாணாக்கர் ஒருவர். எம் பிராசீன பாடசாலையிலே என்னிடம் நன்னூல் பயின்றவர். பின்னர் இந்தி மொழியும் கற்றவர். "ஐயா, கங்கை பிறக்குமிடத்தை ஒருமுறை கண்டு வருவோம். நடை பதினெட்டுக் கிலோமீற்றர்தான்" என்றார். அவ்வாறு 2019ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே இருவரும் புறப்பட்டோம். சென்ற கதையைச் சொல்வதன்று என் நோக்கம். சென்று சேராத கதையையே சொல்ல வந்தேன்.

மலையூர்கள்

ரிஷிகேசத்திலிருந்து பாகீரதியாற்றின் கரையைப் பற்றி உத்தரகாசி வழியாகப் பாதை ஏறுகிறது. பாகீரதி என்பது கங்கையின் தலையாறு. தேவப்பிரயாகையில் அளகநந்தாவோடு கலந்த பின்னரே அதற்குக் கங்கை என்னும் பெயர் வழங்குகிறது. உத்தரகாசிக்கு மேலே பள்ளத்தாக்கு குறுகித் தேவதாருக் காடு தொடங்குகிறது. அக்காட்டினிடையே, சற்று அகன்ற ஓரிடத்தில், ஹர்சில், தராலி, முக்பா என்னும் மூன்று ஊர்கள் அருகருகே உள்ளன.

ஹர்சில் அப்பிளுக்கும் அவரையினத்ததாகிய இராஜ்மாவுக்கும் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே படையை விட்டு ஓடிவந்த வில்சன் என்னும் ஆங்கிலேயர் இப்பள்ளத்தாக்கிலே குடியேறினார். அப்பிள் மரத்தைக் கொணர்ந்து நட்டவர் அவரே என்பர். தேவதாருக்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுப் புகையிரதப் பாதைக்கு விற்றவரும் அவரே. ஒரே கை ஒரு மரத்தை நட்டு, ஒரு காட்டை அழித்தது!

தராலி ஆற்றோரத்தில் இருந்தது. அதற்கு நேரெதிரே, மறுகரைச் சரிவின் மேல் இருப்பது முக்பா. கங்கோத்திரிக் கோயிலின் பூசகர்கள் முக்பாவைச் சேர்ந்தவர்கள். அட்சய திருதியை அளவில் திறக்கும் கோயில் தீபாவளியை அடுத்து மூடப்படும். பின்னர் கங்கையம்மையின் திருவுருவம் பல்லக்கிலே முக்பாவுக்கு எழுந்தருளும். கோடைக்கு ஓர் ஊர், மாரிக்கு ஓர் ஊர் என்று தெய்வமும் மனிதரும் ஒருங்கே இடம்பெயர்வது அந்நாட்டு வழக்கம்.

தராலியிலே ஓர் இரவு தங்கினோம். கல்லும் மரமும் கொண்டு கட்டிய வீடு. முற்றத்திலே அப்பிள் மரங்கள். வீட்டுக்காரி சுடச்சுட உரொட்டியும் இராஜ்மாக் கறியும் தந்தார். விடியற்காலையில் கல்பகேதார் என்னும் பழைய சிவன் கோயிலைக் கண்டோம். ஒரு காலத்தில் அக்கோயில் வெள்ளம் கொணர்ந்த மண்ணுள் புதைந்து, பின்னர் அகழ்ந்தெடுக்கப்பட்டதாம். நிலமட்டத்துக்குக் கீழே இறங்கியே இறைவனை வழிபட வேண்டும். "கோயிலையே மூடிய வெள்ளமா?" என்று வியந்தேன். வியந்தேனேயன்றி, அந்த மண் எங்கிருந்து வந்தது, மீண்டும் வருமா என்று வினவவில்லை.

வழிகாட்டியாக அமைந்தவர் முக்பாவைச் சேர்ந்த ஓர் இளைஞர். என்னைப் 'பண்டிதர்' என்று என் மாணாக்கர் அறிமுகம் செய்தார். அவர் உடனே என் காலைத் தொட்டு வணங்கி, தம் தாயாரின் நோய் நீங்க ஒரு பூசை செய்து தரவேண்டும் என்று கேட்டார். அந்நாட்டிலே பண்டிதர் என்றாற் பூசகர்! யான் மொழிப் பண்டிதனேயன்றிப் பூசகனல்லேன் என்று விளக்கியதும் அவர் முகம் வாடிற்று. ஆயினும் ஈற்றுவரை என்னைப் 'பண்டித்ஜி' என்றே அழைத்தார்.

கங்கோத்திரிக்குச் செல்லும் வழியில் எமக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. ஜாட் கங்கை என்னும் கிளையாறு ஆழமான பிலத்தினூடே வந்து சேருமிடத்தின் பெயர் 'லங்கா'! உயர்ந்த பாலம் அமையுமுன் வண்டிகள் யாவும் லங்காவிலே நின்றுவிடுமாம். யாத்திரிகர் பள்ளத்தில் இறங்கி மறுகரை ஏறி நடப்பாராம். இலங்கையிலிருந்து வந்த இருவர் லங்காவைக் கடந்து செல்கின்றனர் என்று வழிகாட்டி நகைத்தார்.

பூர்ச்ச மரம்

கங்கோத்திரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,100 மீற்றர் உயரத்திலுள்ளது. எம் நாட்டின் உச்சமாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர். எங்கள் மலைமுடிக்கும் மேலேதான் அவர்களுடைய நடை தொடங்குகிறது. அங்கிருந்து சீர்பாசாவுக்கு 9 கிலோமீற்றர், போஜ்பாசாவுக்கு 14, பனியாறு வாய்திறந்து பாகீரதியை உமிழும் கோமுகத்துக்கு 18. வனத்துறையின் அனுமதிச் சீட்டின்றிச் செல்லலாகாது. நாளொன்றுக்கு 150 பேருக்கு மேல் விடுவதில்லை என்பது விதி.

"பண்டித்ஜி, கங்கோத்திரியில் இன்னும் ஒரு நாள் தங்குவோம். உடம்பு மலையோடு பழகட்டும்" என்றார் வழிகாட்டி. திரும்பும் விமானத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று சொல்லி யான் மறுத்தேன். இப்பிழையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

பாதை ஆற்றின் மேலே மலைச்சரிவை ஒட்டிச் செல்கிறது. சீர்பாசா என்றால் ஊசியிலை மரங்களின் உறைவிடம். போஜ்பாசா என்றால் போஜ மரங்களின் உறைவிடம். போஜம் என்பது வடமொழியிற் பூர்ஜம். தமிழ் அகராதிகள் பூர்ச்சம் எனும். சீர்பாசாவைக் கடந்து சிறிது தூரத்தில் ஒரு பூர்ச்ச மரத்தை வழிகாட்டி காட்டினார். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த அதன் பட்டை, ஏடு ஏடாக உரிந்து காற்றில் அசைந்தது. யான் அம்மரத்தைத் தொட்டபடி நெடுநேரம் நின்றேன்.

எமக்குப் பனையோலை எவ்வாறோ, வடமேற்கு நாட்டார்க்குப் பூர்ச்சப்பட்டை அவ்வாறு. வித்தியாதர மகளிர் அதன்மேற் காதற்கடிதம் எழுதுவதைக் காளிதாசர் குமாரசம்பவத்திற் பாடினார். 1881இல் பக்சாலி என்னும் ஊரிலே உழவர் ஒருவர் நிலத்தை அகழ்ந்தபோது கிடைத்த கணக்கு நூல் பூர்ச்சப்பட்டையில் எழுதப்பட்டது. சுன்னத்தைப் புள்ளியாற் குறித்த பழஞ்சுவடி அது. காந்தார நாட்டுப் பௌத்தச் சுருள்கள், தென்னாசியாவில் எஞ்சிய சுவடிகளுள் மிகப் பழையனவற்றுள் சேர்வன, அவையும் இப்பட்டையே. எம்மவர் தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஓலைகளைத் தேடி அலைந்து பதிப்பித்தமையை மாணாக்கர்க்குக் கூறுபவன் யான். ஏடு எழுதத் தந்த மரத்தை உயிரோடு கண்டது அன்றே முதன்முறை.

ஆனால் போஜ்பாசாவை அடைந்தபோது அங்கே பூர்ச்ச வனம் இல்லை. கல்லும் மணலும் பரந்த வெளியே இருந்தது. பெயர் மட்டும் எஞ்சிய ஊர் அது. யாத்திரிகர்க்குச் சோறாக்கவும் தேநீர் கொதிக்கவைக்கவும் அம்மரங்களே விறகாயின. நந்தாதேவி முடியேறிய ஹர்ஷவந்தி பிஷ்த் என்னும் அம்மையார் 1989ஆம் ஆண்டளவிலே இதனைக் கண்டு வருந்தி, அங்கு பூர்ச்ச நாற்றுகளை நட்டு வளர்க்கத் தொடங்கினார். வேலியிட்ட நிலத்தில் முழங்காலளவும் மார்பளவுமாக நின்ற செடிகளை வழிகாட்டி காட்டினார். அவ்வுயரத்தில் மரம் வளர்வது மிக மெல்ல. ஒரு வேளைச் சோற்றுக்கு எரிந்த மரம் மீண்டும் எழ ஒரு தலைமுறை வேண்டும்.

திரும்பிய இரவு

அன்றிரவு போஜ்பாசாவிலுள்ள மடத்திலே தங்கினோம். அவ்விடம் ஏறத்தாழ 3,800 மீற்றர் உயரம். அங்கே மூச்சொன்றுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையிற் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கிலும் சற்றுக் குறைவு. 3,000 மீற்றருக்கு மேலே ஓரிரவுக்கும் மறு இரவுக்கும் 500 மீற்றருக்கு மேல் உயரலாகாது என்பது மலையேறுவோர் விதி. யாம் 700 மீற்றர் உயர்ந்திருந்தோம்.

நண்பகலிலேயே எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. அதனை யான் மறைத்தேன். இரவு உணவு இறங்கவில்லை, குமட்டல் எடுத்தது, கண்மூடினால் மூச்சுத் தடைப்பட்டு விழித்தேன். காலையிலே காலணியின் கயிற்றைக் கட்டக் குனிந்தவன் தடுமாறி விழுந்தேன். என் மாணாக்கர் திடுக்கிட்டார். "ஐயா, எப்போதிருந்து?" என்று கேட்டார். "நேற்று நண்பகல் முதல்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைக் காண எனக்கு நாணமாயிற்று.

ஆயினும் பிடிவாதம் விடவில்லை. எஞ்சியது 4 கிலோமீற்றர்தானே! "அப்பரடிகள் கால் தேய்ந்தபின் கையாலே தவழ்ந்தார், மார்பாலே ஊர்ந்தார், யான் இதற்கா திரும்புவது?" என்றேன். அதனை என் மாணாக்கர் இந்தியிலே வழிகாட்டிக்குக் கூறினார். அவர் கேட்ட வினா ஒன்றே ஒன்று.

"அந்தப் பெரியவர் கயிலையை அடைந்தாரா?"

யான் வாயடைத்துப் போனேன். அடையவில்லை! மானிட உடம்போடு கயிலை சேர்தல் ஆகாது, பொய்கையில் மூழ்குக என்றது இறைவன் வாக்கு. அவர் பணிந்து மூழ்கினார், திருவையாற்றில் எழுந்தார், அங்கேயே கயிலைக்காட்சி கண்டார். தவழ்ந்த பகுதியைக் கண்ணீர் மல்க உரைத்த யான், பணிந்த பகுதியை மணி அடிப்பதற்குமுன் விரைந்து முடித்து வந்திருக்கிறேன். முப்பது ஆண்டு கற்பித்த வரலாற்றின் பாதியை ஒரு மலையூர் இளைஞர் எனக்குக் கற்பித்தார்.

பின்னும் அவர் கூறினார்: "பண்டித்ஜி, கோமுகமே ஆண்டுதோறும் பின்வாங்குகிறது. தாங்கள் ஒருமுறை பின்வாங்கினால் என்ன குறை?"

அது வெறும் ஆறுதல் மொழியன்று. கங்கோத்திரிப் பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் நுனியை 1935 முதலாக அளந்து வந்தவர்கள், அது ஆண்டுக்குச் சராசரி 20 மீற்றர் அளவிற் பின்வாங்கியதைக் கண்டனர். அவருடைய பாட்டனார் நீராடிய கோமுகத்துக்கும் அவர் அறிந்த கோமுகத்துக்கும் இடையே ஒரு கிலோமீற்றருக்கு மேல் கற்குவியல் கிடக்கிறதாம்.

பாகீரதிச் சிகரங்கள் காலை வெயிலிற் பொன்னிறம் கொண்டு நின்றன. அவற்றை நோக்கிக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். சீர்பாசாவை அடையுமுன் தலைவலி பாதியாயிற்று. கங்கோத்திரியில் முற்றாக நீங்கிற்று. உயரம் தரும் நோய்க்கு இறங்குவதே மருந்து என்பதை என் உடம்பிலேயே கண்டேன்.

எதிர்க்கரை

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 5ஆம் நாள். தராலியின் பின்னுள்ள செங்குத்தான மலையிலிருந்து கீர்கங்கை என்னும் சிற்றோடை, சேறும் பாறையுமாகப் பெருகிச் சில கணங்களில் ஊரை மூடிற்று. அக்காட்சியைத் தொலைக்காட்சியிலே கண்டேன். யாம் உண்ட வீடு எது, அப்பிள் மரம் எது என்று தேடினேன். சாம்பல்நிறச் சேறன்றி ஒன்றும் புலப்படவில்லை. கல்பகேதார் கோயிலும் மீண்டும் மண்ணுள் மறைந்தது.

என் மாணாக்கர் வழிகாட்டியின் தொலைபேசிக்கு நாள்தோறும் முயன்றார். பல நாள்களின் பின்னரே தொடர்பு கிடைத்தது. அவர் உயிரோடிருந்தார், அன்று முக்பாவிலே தம் வீட்டில் நின்றவராம். மறுகரை மலையில் வெள்ளம் இறங்குவது அவர்களுக்குத் தெரிந்தது. கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

"சீழ்க்கை அடித்தோம், பண்டித்ஜி. எல்லோரும் கூவினோம். ஓடுங்கள், ஓடுங்கள் என்றோம். சிலர் கேட்டு ஓடினார்கள்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. எமக்கு உணவிட்ட அம்மையாரைப் பற்றி வினவினோம். அவர் அன்று உத்தரகாசிக்கு மகள் வீடு சென்றிருந்தாராம். வீடு இல்லை, அவர் இருக்கிறார்.

தராலியின் புதிய கட்டடங்கள் பல, ஓடை முற்காலத்தில் கொணர்ந்து குவித்த மண்மேட்டின் மீதே எழுந்தவை என்று நிலநூலார் எடுத்துக்காட்டினர். யாத்திரிகர் பெருகப் பெருக விடுதிகள் பெருகின; சமநிலம் வேறில்லாமையால் ஓடையின் நிலத்தையே மனிதர் கைக்கொண்டனர். பழைய முக்பாவோ ஏறுவதற்கு அரிய சரிவிலே நிற்கிறது. அங்கே நிலத்தைத் தேர்ந்த முன்னோர், ஓடையின் குணத்தை அறிந்தவராதல் வேண்டும். புதைந்து கிடந்த கோயிலொன்று அதனைச் சொல்லிக்கொண்டே இருந்தது. படியிறங்கி வணங்கிய யான் அச்சொல்லைக் கேட்டிலேன். அவ்விடுதிகளை நாடிச் சென்ற யாத்திரிகருள் யானும் ஒருவன்.

இப்பொழுதும் பெரியபுராணம் கற்பிக்கின்றேன். அப்பரடிகள் தவழ்ந்த இடத்தைக் கடந்து, அவர் திரும்பிய இடத்திலே சற்று நிற்கின்றேன். "ஐயா, கோமுகம் எப்படி இருந்தது?" என்று மாணாக்கர் கேட்பதுண்டு. யான் அதனைக் கண்டதில்லை என்று கூறிவிட்டு, எதிர்க்கரையில் நின்று சீழ்க்கை அடித்தவர்களைப் பற்றிச் சொல்கின்றேன்.