குழாயும் கொதிப்பும் – 14: கடைமடையின் குரல்

அழுத்தம் கூடினால் தமனிச் சுவரின் தசை தானாகவே இறுகும் என்று போன வாரம் பார்த்தோம். 1902-இல் லண்டனில் உடலியல் அறிஞர் பேலிஸ் கண்டு சொன்னது அது. இறுகுவது சரி, தளர்வது எப்படி?

தளர்த்துவது பொட்டாசியம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருக்கிற அதே பொட்டாசியம்தான். ஆனால் இன்றைய பேச்சு அதைச் சாப்பிடுவது பற்றியதல்ல, செல்லைவிட்டு அது வெளியேறும் வாசல் பற்றியது. செல்லுக்குள் பொட்டாசியத்துக்கு ஒரே நெரிசல்: லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே மூன்றோ நான்கோதான். செல்சவ்வில் அதற்கென்றே அமைந்த புரத வாசல் திறந்தால் குபுகுபுவென்று வெளியேறும். நேர்மின்னூட்டம் வெளியே போய்விடுவதால் உள்பக்கம் இன்னும் எதிர்மின்னாகும். உடனே, பக்கத்தில் உள்ள கால்சிய வாசல்கள் சாத்திக்கொள்ளும். கால்சியம் வராமல் தசையால் இறுக முடியாது. குழாய் விரிந்துவிடும்.

இந்த வாசல் மூளையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமித்து வைக்கக் கிடங்கும் கிடையாது. இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் பின்மண்டையில், பார்வையைக் கவனிக்கும் பகுதிக்குக் கூடுதல் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. யார் சொல்லி அனுப்பினார்கள்?

ஆற்றுப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். கடைமடையில் பயிர் வாடினால், தலைமதகு வரைக்கும் யாராவது ஓடிவந்து சொல்லியாக வேண்டும். மூளையின் கடைமடை, தந்துகிகள். நரம்பணுக்கள் மும்முரமாக வேலை செய்யும்போது அவற்றிலிருந்து பொட்டாசியம் கசியும். சுற்றுப்புறத்தில் 3 மில்லிமோலாக இருந்தது 10 வரைகூட ஏறலாம். தந்துகிச் சுவரில் ‘கிர் 2.1’ என்றொரு பொட்டாசிய வாசல் இருக்கிறது. விசித்திரமான பிறவி: வெளியே பொட்டாசியம் கூடக் கூட இன்னும் நன்றாகத் திறக்கும். அங்கே கிளம்பும் மின் சைகை செல்லுக்குச் செல் தாவி மேலேறி, நுண்தமனியின் தசையைத் தளர்த்திவிடும். மதகு திறந்தாயிற்று! அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் நெல்சன் குழு 2017-இல் இதைக் காட்டியது. அதுவரை தந்துகியை வெறும் வாய்க்காலாகத்தான் பலரும் எண்ணியிருந்தார்கள்.

ரத்தக்கொதிப்பு கைவைப்பது இந்தக் குரலில்தான். பரம்பரையாகவே கொதிப்புள்ள சுண்டெலிகளின் மீசை முடியை அசைத்து, அதற்குரிய மூளைப் பகுதியில் ரத்த ஓட்டம் எவ்வளவு கூடுகிறது என்று அதே குழு அளந்தது. 2021-இல் முடிவு வெளியானது. நாளாக ஆக கிர் 2.1 மந்தமாகிறது. கடைமடை கூப்பிடுகிறது, ஆனால் குரல் மேலே எட்டுவதில்லை.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த பகுதி. சில எலிகளுக்கு அம்லோடிபின், சிலவற்றுக்கு லோசார்டன் கொடுத்தார்கள். இரண்டுமே நம் வீடுகளில் அலமாரி மேல் கிடக்கும் மாத்திரைகள். அழுத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. அம்லோடிபின் எலிகளுக்கு இந்தப் பழுது வரவில்லை. லோசார்டன் எலிகளுக்கு வந்தது! ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மறுபடி தலைதூக்கியதே காரணம் என்கிறார்கள். அதைத் தடுக்கும் எப்லெரினோனையும் லோசார்டனோடு சேர்த்துக் கொடுத்தபோது பழுது வரவில்லை.

கருவியில் 120/80 வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோமே, அந்த நினைப்பைத்தான் இந்த எலிகள் கொஞ்சம் ஆட்டிவிட்டன. ஆனால் அவை எலிகள். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காப்பதில் லோசார்டன் மனிதர்களிடமே பேர் வாங்கிய மருந்து. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். பொட்டாசியம் மாத்திரையைத் தேடி மருந்துக் கடைக்கும் போக வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். சந்தேகம் இருந்தால், அடுத்த முறை போகும்போது உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

(தொடரும்)