மின்விசிறிக்குள் ஒரு மின்சுற்றுப் பலகை

ஒன்பதாம் வகுப்பில் மின்மோட்டார் பாடத்தை நடத்தும்போது நாம் கரும்பலகையில் வரைவது பெரும்பாலும் ஒரே படம்தான். வடக்கு, தெற்கு என இரண்டு காந்த முனைகள், இடையில் ஒரு கம்பிச்சுருள், அதன் முனையில் பிளவு வளையம், வளையத்தைத் தொட்டபடி இரண்டு தூரிகைகள். ஃபிளெமிங்கின் இடக்கை விதியைச் சொல்லி, அரைச் சுற்றுக்கு ஒருமுறை சுருளில் பாயும் மின்னோட்டத்தின் திசையைப் பிளவு வளையம் மாற்றிவிடுகிறது என்று விளக்கி முடிப்போம். அப்போது ஏதாவது ஒரு கை உயரும். “சார், மேல சுத்துற ஃபேன்லயும் இதுதான் இருக்கா?”

இல்லை என்பதே சரியான விடை. வகுப்பறைகளில் பல ஆண்டுகளாகச் சுழலும் பழைய மின்விசிறிக்குள் இருப்பது தூண்டல் மோட்டார். அதில் நிலைக்காந்தமும் இல்லை, தூரிகையும் இல்லை. இரண்டு சுருள் தொகுதிகளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து மாறுமின்னோட்டத்திலிருந்து சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. புத்தகத்தில் உள்ள தூரிகையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பழைய மிக்ஸி ஒன்றைத்தான் திறக்க வேண்டும். ‘கார்பன் தேஞ்சு போச்சு’ என்று மெக்கானிக் சொல்வது அந்தத் தூரிகையைத்தான். மிக்ஸியில் நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தம் இருக்கும்; வளையமும் இரண்டு துண்டாக இல்லாமல் பல துண்டுகளாக இருக்கும். தத்துவம் நம் படத்தில் உள்ளதேதான்.

இப்போது மூன்றாவதாக ஒரு வகை வந்துவிட்டது. கடையில் ‘பிஎல்டிசி ஃபேன்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். தூரிகையற்ற நேர்மின்னோட்ட மோட்டார் என்பது அதன் விரிவு. பழைய விசிறி முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை எடுத்துக்கொள்ளும். இது சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமான பிறகு இவ்வகை இன்னும் பரவலாகிவிட்டது. வீட்டில் இருக்கிறது, பள்ளிகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது. கூடவே ஒரு குறையும் காதில் விழுகிறது: “பழைய ஃபேன் இருபது வருஷம் ஓடுச்சு, இது மூணே வருஷத்துல போர்டு போச்சுங்கறாங்க.”

அந்த ‘போர்டு’ என்ன செய்கிறது, ஏன் போகிறது, போகாமல் இருக்க எப்படி வடிவமைக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால் நம் பாடநூலின் பாதி இயற்பியல் அதற்குள்ளேயே இருப்பது தெரியும்.

தூரிகையின் வேலையை யார் செய்கிறார்கள்?

நம் கரும்பலகைப் படத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். சுருள் நடுவில் அசையாமல் நிற்கிறது; காந்தம் வெளியே அதைச் சுற்றி ஓடுகிறது. பிஎல்டிசி கூரை விசிறியின் அமைப்பு இதுதான். சுழலும் வெளிக்கூட்டின் உட்புறத்தில் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். சுருள்கள் அசையாததால் அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கத் தூரிகை தேவையில்லை. ஆனால் திசையை மாற்ற ஒருவர் வேண்டுமே? அந்த வேலையை டிரான்சிஸ்டர்கள் எடுத்துக்கொண்டன. 1962-இல் வில்சன், டிரிக்கி என்ற இருவர் திடநிலைச் சாதனங்களால் திசைமாற்றம் செய்யும் நேர்மின்னோட்ட எந்திரத்தைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். கணினியின் வன்தட்டைச் சுழற்றுவதும் அதைக் குளிர்விக்கும் சிறு விசிறியும் இந்த வகை மோட்டார்கள்தான். கூரைக்குத்தான் தாமதமாக ஏறியது.

சுருள்கள் மூன்று தொகுதிகளாக இருக்கும். ஆறு டிரான்சிஸ்டர்கள் சாவிகளாக வேலை செய்து, ஒரு தொகுதி வழியாக மின்னோட்டத்தை உள்ளே விட்டு இன்னொன்றின் வழியாக வெளியே எடுக்கும். அடுத்த கணம் வேறு ஒரு ஜோடி. எப்போது மாற்றுவது என்று தெரிய, காந்தம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். சில மோட்டார்களில் இதற்கென்று காந்த உணரிகள் உண்டு. வேறு சிலவற்றில், அந்தக் கணத்தில் சும்மா இருக்கும் மூன்றாவது சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அளந்தே ஒரு சிறு சில்லு கணித்துவிடுகிறது. மோட்டார் ஓடும்போதே மின்னியற்றியாகவும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆக, மோட்டாரில் தேயக்கூடிய பாகம் தாங்கி மட்டும்தான். பேரிங் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். செம்பும் இரும்பும் காந்தமும் நெடுங்காலம் உழைக்கும். விசிறியின் ஆயுளைத் தீர்மானிப்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த வட்டமான பலகை. எனவே மோட்டாரை வடிவமைப்பவர் பலகையை ‘பிறகு எங்காவது செருகிக்கொள்ளலாம்’ என்று விட முடியாது.

வெப்பம்

பலகையில் உள்ளவற்றில் முதலில் முதுமை அடைவது மின்பகு மின்தேக்கி. சிறிய உருளை போல நிற்குமே, அதுதான். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும்போது ஏற்ற இறக்கங்களை நிரவுவது அதன் வேலை. அதற்குள் ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. வெப்பத்தில் அது மெல்ல மெல்ல வற்றிவிடும்.

இதற்குப் பொறியாளர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். 105 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம் உழைக்கும் மின்தேக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 95 டிகிரியில் 4000 மணி நேரம், 85-இல் 8000, 75-இல் 16,000, 65-இல் 32,000. வீட்டில் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 4380 மணி நேரம். அப்படியானால் 65 டிகிரியில் அந்த மின்தேக்கி ஏழு ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். 85 டிகிரியில் இரண்டு ஆண்டுகூடத் தாங்காது. மோட்டார் ஒன்றுதான், மின்தேக்கி ஒன்றுதான், வேறுபாடு 20 டிகிரி மட்டும். பெருக்குத் தொடர்வரிசை நடத்தும் கணித ஆசிரியர்கள் இந்தக் கணக்கைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு 7 மணி நேரம், ஆண்டுக்கு 220 நாள் என்று பள்ளி விசிறிக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னால் மாணவர்கள் ஆர்வமாகச் செய்வார்கள்.

எங்கிருந்து வருகிறது இந்த வெப்பம்? சுருளின் மின்தடையில் எழுவது ஒன்று, டிரான்சிஸ்டர்களில் எழுவது இன்னொன்று. இவற்றோடு மே மாதத்தில் கான்கிரீட் தளத்துக்கோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கோ கீழே தேங்கும் அனலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விசிறி கீழே இருப்பவருக்குத்தான் காற்றுத் தருகிறது, தன் வயிற்றுக்குள் தந்துகொள்வதில்லை. நல்ல வடிவமைப்பில் பலகைக்கும் சுருளுக்கும் இடையே இடைவெளி விட்டிருப்பார்கள். சூடாகும் டிரான்சிஸ்டர்களை அலுமினியக் கூட்டோடு ஒட்டினாற்போல் வைத்து, வெப்பம் கடத்தல் முறையில் வெளியேற வழி செய்வார்கள். மின்தேக்கியை அவற்றிலிருந்து தள்ளி ஓரத்தில் வைப்பார்கள். வழக்கமாக 35 மைக்ரோமீட்டர் தடிமன் உள்ள செம்புத் தடங்களை 70 மைக்ரோமீட்டராக்குவதும் உண்டு. தடிமன் கூடினால் குறுக்குவெட்டுப் பரப்பு கூடும், மின்தடை குறையும், வெப்பமும் குறையும். நாம் பாடத்தில் சொல்வதுதான்.

இங்கே ஒரு தேர்வும் இருக்கிறது. 30 வாட் திறனை 24 வோல்ட்டில் கொடுத்தால் 1.25 ஆம்பியர் பாய வேண்டும். 300 வோல்ட்டில் கொடுத்தால் 0.1 ஆம்பியர் போதும். முதல் வழியில் தடங்கள் அகலமாக வேண்டும், மின்னழுத்தத்தைக் குறைக்கத் தனிச் சுற்றும் வேண்டும். இரண்டாம் வழியில் தடங்கள் மெலிதாக இருக்கலாம், ஆனால் தடத்துக்கும் தடத்துக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். இல்லையென்றால் தூசியும் ஈரமும் சேர்ந்து பாலம் போட்டுவிடும். இரண்டு வழிகளிலும் விசிறிகள் விற்பனையில் இருக்கின்றன.

மின்சாரம் தரும் அடி

230 வோல்ட் என்பது சராசரி இருமடிமூல மதிப்பு. உச்ச மதிப்பு 325 வோல்ட். பலகையில் உள்ள பாகங்கள் அதற்கு மேலும் தாங்க வேண்டும். இடி மின்னலின்போதும், அருகில் பெரிய மோட்டார் நிற்கும்போதும் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு மின்னழுத்தம் எகிறும். இதைத் தடுக்க நுழைவாயிலிலேயே துத்தநாக ஆக்சைடால் ஆன வேரிஸ்டர் என்ற வில்லையை வைக்கிறார்கள். சாதாரண மின்னழுத்தத்தில் அது கடத்தாது. எல்லை தாண்டினால் கடத்தத் தொடங்கி அதிகப்படியான ஆற்றலைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். ஒவ்வோர் அடியிலும் அது சிறிது நலிவடைகிறது. அதனால் அதற்கு முன்னால் ஒரு உருகி இருக்க வேண்டும். வேரிஸ்டர் குறுக்குச்சுற்றாகிப் போனாலும் உருகி அறுந்து மற்றவற்றைக் காப்பாற்றும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய எதிரி ‘நியூட்ரல் கட்’. மூன்று கட்ட இணைப்புள்ள கட்டடத்தில் நடுநிலைக் கம்பி அறுந்தால் சில அறைகளில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கிவிடலாம். அதன் உச்ச மதிப்பு 560 வோல்ட்டைத் தாண்டும். 450 வோல்ட் மின்தேக்கி என்ன செய்யும்? நொடிப்பொழுது எகிறலுக்காக வைத்த வேரிஸ்டரும் தொடர்ந்து வரும் இந்த மிகை மின்னழுத்தத்தில் சூடாகி எரிந்துபோகும். மிகை மின்னழுத்தத்தை உணர்ந்து தானே துண்டித்துக்கொள்ளும் சுற்றைச் சில தயாரிப்பாளர்கள் சேர்க்கிறார்கள். ஆனாலும் நியூட்ரல் இணைப்பை ஆண்டுக்கு ஒருமுறை மின்பணியாளரிடம் சொல்லி இறுக்கி வைப்பது எந்தப் பலகையையும்விட மலிவு. அதேபோல், பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிட்டு பிஎல்டிசி விசிறியை மாட்டுவதும் கூடாது. ரெகுலேட்டர் அலைவடிவத்தை வெட்டி அனுப்புவதால் உள்ளே இருக்கும் மின்தேக்கி ஒவ்வோர் அலையிலும் திடீர் மின்னோட்டத்தை இழுக்கும்.

அதிர்வு, ஈரம், எறும்பு

மேசை விளிம்பில் அளவுகோலை நீட்டி வைத்துத் தட்டினால் அது அதிரும். நீட்டிய நீளத்தை மாற்றினால் அதிர்வெண் மாறும். தொடக்க வகுப்புக் குழந்தைகள்கூட இதைச் செய்து விளையாடுவார்கள். இரண்டு மெல்லிய கால்களில் நிமிர்ந்து நிற்கும் மின்தேக்கியும் அத்தகைய அளவுகோல்தான். இறக்கைகளில் சமநிலை சற்றுத் தவறினாலும் விசிறி அதிரும், மாதக்கணக்கில் ஆடியதில் கால் ஒடியும், அல்லது பற்றவைப்பு விரிசல் விடும். அதனால் கனமான பாகங்களைப் படுக்கவைத்து, சிலிக்கோன் பசையால் பலகையோடு ஒட்டிவிடுவார்கள். திருகுகளை அவற்றின் அருகே வைப்பார்கள். ஆனால் பீங்கான் மின்தேக்கிகளைத் திருகுத் துளைகளை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். திருகை முடுக்கும்போது பலகை வளைந்தால் அவை உள்ளுக்குள் வெடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது.

விசிறியைப் போட்டு நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பலகை சூடேறி ஆறுகிறது. ஒரு டிகிரிக்குச் செம்பு தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 17 பங்கு விரியும். சிலிக்கான் சுமார் 3 பங்குதான். ஒட்டிப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு வேகத்தில் நடந்தால் என்ன ஆகும்? நடுவில் உள்ள ஈயப் பற்றவைப்புதான் அந்த இழுவையைத் தாங்குகிறது.

கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. பலகை மேல் மெல்லிய அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் பூச்சுக் கொடுப்பது ஒரு வழி. முழுப் பலகையையும் எபாக்சி போன்ற கூழில் மூழ்கடித்து இறுகவைப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் ஈரமும் வராது, அதிர்வும் தீண்டாது, எறும்பும் பல்லியும் நுழையாது. (சிரிக்க வேண்டாம். பல்லி குறுக்கே விழுந்து கருகிய போர்டைப் பார்க்காத மெக்கானிக் இருக்க மாட்டார்.) ஆனால் உள்ளே ஒரு சிறு மின்தேக்கி பழுதானால் முழுப் பலகையும் குப்பைக்குத்தான். பூச்சும் நல்ல மூடியும் போதும் என்பதே என் கருத்து. பழுதைத் திறந்து பார்க்க முடிகிற பொருளே உறுதியான பொருள். கடற்கரைப் பள்ளிக்கு விசிறி வாங்குபவர் என்னோடு உடன்படாமல் போகலாம். அவர் பக்கமும் நியாயம் உண்டு. எப்படியிருந்தாலும், வாங்கும்போது ‘போர்டு தனியாகக் கிடைக்குமா, பிளக் முறையில் கழற்ற முடியுமா’ என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வகுப்பறைக்கு

போர்டு போன பிஎல்டிசி விசிறி கிடைத்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பலகையைக் கழற்றும் வேலையை ஆசிரியரே செய்ய வேண்டும், மாணவர் அல்ல. மின் இணைப்பிலிருந்து எடுத்து ஒரு நாள் கழித்துத் திறக்கவும். மின்தேக்கியின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் இல்லை என்பதை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே தொடவும். 325 வோல்ட் ஏறிய 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் ஒரு ஜூலுக்கும் மேல் ஆற்றல் இருக்கும், அந்த அடி கையை உதறவைக்கும்.

பலகை நீங்கிய மோட்டாரிலிருந்து மூன்று கம்பிகள் வெளியே வரும். ஏதேனும் இரண்டுக்கு இடையே, 4.7 கிலோ ஓம் மின்தடையோடு தொடரிணைப்பில், சிவப்பும் பச்சையுமான இரண்டு எல்இடிகளை எதிரெதிர்த் திசையில் பக்க இணைப்பாகப் பொருத்துங்கள். இணைப்புகளை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுங்கள். சில மோட்டார்களில் கையால் சுழற்றினாலே பத்துக்கணக்கான வோல்ட் வரும். இறக்கை இல்லாத கூட்டைக் கையால் சுழற்றினால் இரண்டு விளக்குகளும் மாறி மாறி ஒளிரும். ஒளி மங்கலாக இருந்தால் மட்டும் மின்தடையை 1 கிலோ ஓமாகக் குறைக்கலாம். மாறுமின்னோட்டம் என்றால் என்ன என்பதற்கு அதன் பிறகு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

அடுத்து எல்இடிகளைக் கழற்றிவிட்டு மூன்று கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். கூடு சட்டென்று கனத்து, சுற்ற மறுக்கும். பிரித்துவிட்டால் மறுபடி எளிதாகச் சுழலும். தன் சுருளில் தானே தூண்டிய மின்னோட்டம் தன்னையே எதிர்ப்பதை மாணவர் தன் விரல்களில் உணர்வார். கழற்றிய பலகையை ஓர் அட்டையில் ஒட்டி, வேரிஸ்டர், உருகி, மின்தேக்கி, ஆறு டிரான்சிஸ்டர்கள் என்று அம்புக்குறியிட்டுப் பெயர் எழுதவைக்கலாம். மின்தேக்கியின் தலை உப்பியிருக்கிறதா, வேரிஸ்டர் கருகியிருக்கிறதா, பற்றவைப்பைச் சுற்றி வளையம்போல் விரிசல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்து, இந்தப் பலகை வெப்பத்தால் போனதா, மின்னழுத்தத்தால் போனதா, அதிர்வால் போனதா என்று குழுவாக விவாதித்து அவர்களே எழுதட்டும்.